கிழங்கோடு வரும் பூச்சி

பாலத்தடிப் பூச்சந்தை

சென்னையில் ஹவுரா மெயில் ஏறினால், அது கடைசியாகப் போய் நிற்கும் ஊர் ஹவுரா. இந்த ஊர் மேற்கு வங்க மாநிலத்தில் இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே ஹூக்ளி ஆறு ஓடுகிறது. ஆற்றின் அந்தக் கரையில் கொல்கத்தா நகரம். இரண்டு ஊரையும் ஹவுரா பாலம் இணைக்கிறது. இந்தப் பாலம் 1943ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

பாலத்தின் கொல்கத்தா முனையில், ஆற்றை ஒட்டி ஒரு பெரிய பூச்சந்தை உண்டு. அதன் பெயர் மல்லிக் காட். வங்காள மொழியில் 'காட்' என்றால் படித்துறை. விடிவதற்கு முன்பே சந்தை கூடிவிடும். ஹவுரா மாவட்டத்துப் பாக்னானிலிருந்து பூ வரும். கோலாகாட், ராணாகாட் முதலிய ஊர்களிலிருந்தும் வரும். ரயிலிலும் லாரியிலும் கூடைகள் வந்து இறங்கும். கூடையைத் தலையில் சுமந்து பாலத்தைக் கடப்பவர்கள் பலர்.

பூ ஒரு நாள் சரக்கு. இன்று விற்காத பூ நாளை குப்பை. ஆனாலும் அதை நம்பி எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. பயிர் செய்பவர், பறிப்பவர், கட்டுபவர், சுமப்பவர், விற்பவர் எல்லோருக்கும் அன்றாடக் கூலி பூவிலிருந்துதான் வருகிறது. நம் ஊர்த் தோவாளையிலும் நிலக்கோட்டையிலும் சத்தியமங்கலத்திலும் இதே கதைதான்.

இந்தப் பிழைப்பைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கெடுத்துவிட முடியும். அந்தப் பூச்சி வேறு நாட்டிலிருந்து வரலாம். விலை கொடுத்து வாங்கிய கிழங்குக்குள்ளேயே ஒளிந்து வரலாம். அதை எப்படித் தடுப்பது? இந்தப் பாடம் அதைத்தான் சொல்கிறது.

நம் பூவும் ஒரு காலத்தில் வெளிநாட்டுப் பூதான்

ஹவுரா சந்தையில் வெள்ளை வெளேர் என்று ஒரு பூ குவிந்து கிடக்கும். வங்காளத்தில் அதன் பெயர் ரஜனிகந்தா. இரவில் மணப்பது என்று பொருள். நாம் அதைச் சம்பங்கி என்கிறோம். நிலச்சம்பங்கி என்றும் சொல்வது உண்டு. கல்யாண மாலையிலும் அது உண்டு. சாவு வீட்டு மாலையிலும் அது உண்டு.

சம்பங்கியின் சொந்த நாடு மெக்சிகோ. பல நூறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்தது. மஞ்சளும் ஆரஞ்சுமாக மாலை கட்டும் செண்டுப்பூவும் மெக்சிகோவிலிருந்து வந்ததே. நீளமான தண்டில் வரிசையாகப் பூக்கும் கிளாடியோலஸ் பூவின் மூதாதைச் செடிகள் ஆப்பிரிக்காவில் பிறந்தவை.

ஆகவே வெளிநாட்டுச் செடி என்றாலே கெடுதல் என்று நினைக்கக்கூடாது. நல்ல செடிகள் பல வந்தன. இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. காஷ்மீரில் ஸ்ரீநகரில் 2007ஆம் ஆண்டு ஒரு பெரிய டியூலிப் தோட்டம் திறக்கப்பட்டது. அதற்கான கிழங்குகள் நெதர்லாந்து நாட்டிலிருந்து வந்தன. லில்லி, கிளாடியோலஸ் போன்ற பூக்களின் கிழங்குகளையும் வியாபாரிகள் அந்த நாட்டிலிருந்து வரவழைக்கிறார்கள்.

செடி வரட்டும். ஆனால் செடியோடு பூச்சி வரக்கூடாது. அதுதான் விஷயம்.

கிழங்கு ஒரு வீடு

ஒரு வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மேலே காய்ந்த தோல். உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாகச் சதைப்பற்றுள்ள மடல்கள். நடுவில் சின்னக் குருத்து. அடியில் தட்டையான பகுதி. அங்கிருந்துதான் வேர் விடும்.

டியூலிப், லில்லி, நர்கிஸ் போன்ற பூச்செடிகளின் கிழங்கும் ஏறக்குறைய இப்படித்தான். மடல்களில் செடி தனக்கு வேண்டிய உணவைச் சேர்த்து வைக்கிறது. மண்ணுக்கு வெளியே பல வாரங்கள் கிடந்தாலும் கிழங்கு சாவதில்லை. அது தூங்குகிறது. நட்டுத் தண்ணீர் விட்டால் விழித்துக்கொள்ளும்.

அதனால்தான் கிழங்கைப் பெட்டியில் அடுக்கி, ஆயிரக்கணக்கான மைல் அனுப்ப முடிகிறது. ஆனால் அதே காரணத்தால் பூச்சிக்கும் அது நல்ல வீடு. உள்ளே உணவு இருக்கிறது. ஈரம் இருக்கிறது. மடலுக்கு மடல் ஒளிய இடம் இருக்கிறது. வெயில் இல்லை, மழை இல்லை. பூச்சியைத் தின்னும் குருவியும் இல்லை. கப்பலில் ஒரு மாதம் போனாலும் பூச்சி சுகமாக இருக்கும்.

ஒளிந்து வருபவை எவை?

நர்கிஸ் கிழங்கு ஈ: இது பார்ப்பதற்குத் தேனீ போல் இருக்கும். ஆனால் இது ஈ. இலையின் அடியில், மண்ணை ஒட்டி முட்டை இடும். முட்டையிலிருந்து வரும் புழு மண்ணுக்குள் இறங்கும். கிழங்கின் அடிப்பக்கம் துளைத்து உள்ளே போகும். பெரும்பாலும் ஒரு கிழங்கில் ஒரு புழுதான் இருக்கும். அந்த ஒன்றே கிழங்கின் நடுப்பகுதியைத் தின்று கூழாக்கிவிடும். மேலே தோல் அப்படியே இருக்கும். விரலால் அழுத்தினால்தான் மெத்தென்று அமுங்கும். ஐரோப்பாவில் இருந்த இந்த ஈ, கிழங்கு வியாபாரத்தோடு அமெரிக்கா வரை போய்விட்டது.

கிளாடியோலஸ் பேன்: இது தலைப்பேன் இல்லை. செடியின் சாற்றை உறிஞ்சும் ஒரு வகைப் பூச்சி. நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். எள்ளை விடச் சிறியது. பயிர் இருக்கும்போது இலையிலும் பூவிலும் இருக்கும். கிழங்கைத் தோண்டி எடுத்து வைத்த பிறகு, கிழங்கின் தோலுக்கு அடியில் போய் ஒண்டிக்கொள்ளும். இந்தப் பேன் தாக்கிய பூவில் வெள்ளி நிறக் கோடுகள் விழும். மொட்டு விரியாமல் காயும். அந்தப் பூவைச் சந்தையில் யாரும் வாங்கமாட்டார்கள்.

மாவுப்பூச்சியும் அசுவினியும்: இவை நமக்குத் தெரிந்த கூட்டம்தான். மாவுப்பூச்சி வெள்ளை மாவு தூவியது போல் அப்பிக்கிடக்கும். அசுவினி செடிக்குச் செடி நோயைப் பரப்பும். இரண்டிலும் கிழங்கை அண்டி வாழும் வகைகள் உண்டு.

கிழங்குச் சிற்றுண்ணி: இதற்கு 8 கால். ஆகவே இது பூச்சி இனம் இல்லை, சிலந்தி இனம். அழுகிய இடத்தில் புகுந்து, அழுகலை இன்னும் பெரிதாக்கும்.

நூற்புழு: இதுவும் பூச்சி இல்லை. நூல் போல மெல்லிய புழு. கண்ணுக்குத் தெரியாது. உருப்பெருக்கி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நூற்புழு செய்யும் கேட்டை மேற்கு வங்கத்துச் சம்பங்கி விவசாயிகள் நன்றாக அறிவார்கள். ராணாகாட் பகுதிச் சம்பங்கி வயல்களில் 1990களிலிருந்து ஒரு நோய் பேசப்படுகிறது. பூவிதழில் பழுப்புக் கோடு விழும். தண்டு சுருங்கும். மொட்டு விரியாது. காரணம் ஒரு நூற்புழு. நோய் கண்ட வயலின் கிழங்கை எடுத்து வேறு வயலில் நட்டால், நோயும் கூடவே போகும். காய்ந்த செடிக்குள் இந்தப் புழு உயிரை அடக்கிக்கொண்டு கிடக்கும். ஈரம் பட்டதும் எழுந்துகொள்ளும். இன்னொரு சங்கதியும் உண்டு. இதே புழு நெற்பயிரையும் தாக்கும். பூவில் தொடங்கும் கேடு சோற்றிலும் கை வைக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு பெண் பூச்சி 40 முட்டை இடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 பெண், 20 ஆண். ஒரு மாதத்தில் அவை வளர்ந்து முட்டை இடத் தொடங்குகின்றன. எதுவும் சாகவில்லை என்றால் பெண் பூச்சிகளின் எண்ணிக்கை எப்படிப் பெருகும்?

தொடக்கத்தில்: 1
1 மாதம் கழித்து: 20
2 மாதம் கழித்து: 400
3 மாதம் கழித்து: 8,000
4 மாதம் கழித்து: 1,60,000

இது கணக்குக்காகச் சொன்ன எண். எல்லாப் பூச்சியும் இதே அளவில் பெருகுவதில்லை. சொந்த நாட்டில் பூச்சிக்கு எதிரிகள் உண்டு. வண்டு தின்னும். குளவி முட்டை இட்டுக் கொல்லும். அதனால் பூச்சி ஓர் அளவுக்கு மேல் பெருகாது. புதிய நாட்டுக்குப் பூச்சி மட்டும் வருகிறது. எதிரி வருவதில்லை. அப்போது இந்தக் கணக்கு ஓரளவு மெய்யாகிவிடுகிறது.

நம் ஊரில் நடந்தது

பப்பாளி மாவுப்பூச்சியைப் பல விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். அது மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பூச்சி. நம் நாட்டில் முதலில் 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் காணப்பட்டது. பப்பாளியோடு அது நிற்கவில்லை. பட்டுப்புழு வளர்ப்பவரின் மல்பெரிக்குப் போனது. மரவள்ளிக்குப் போனது. மருந்து அடித்துப் பார்த்தார்கள். மேலே இருக்கும் மாவு மருந்தை உள்ளே விடவில்லை.

கடைசியில் அதன் எதிரியைத் தேடிப் போனார்கள். 2010ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து சின்னஞ்சிறு குளவிகளைப் பெங்களூரு ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே சோதித்து, வளர்த்து, வயலில் விட்டார்கள். குளவி மாவுப்பூச்சியை அடக்கியது. ஆனால் அதற்குள் இரண்டு ஆண்டுகள் போய்விட்டன. அந்த இரண்டு ஆண்டு நட்டத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

நீலகிரியில் நடந்தது அதற்கும் முன்பு. 1961ஆம் ஆண்டு உதகையில் உருளைக்கிழங்கு வயலில் தங்கநிற நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் வெளிநாட்டுப் புழு. அதன் முட்டைகள் மண்ணில் பல ஆண்டுகள் சாகாமல் கிடக்கும். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அது முழுதாக ஒழியவில்லை. அந்தப் புழு மற்ற மாநிலங்களுக்குப் பரவக்கூடாது என்று நீலகிரி விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடை போட வேண்டியதாயிற்று. வந்தது ஒரு புழு. முடங்கியது ஒரு மலையின் விதை வியாபாரம்.

ஹவுராவுக்கும் இப்படி ஒரு பழைய அனுபவம் உண்டு. ஹவுராவில் சிப்பூர் என்னும் பகுதி இருக்கிறது. அங்கே ஒரு பெரிய தாவரவியல் பூங்கா உண்டு. 1787ஆம் ஆண்டு ராபர்ட் கிட் என்ற ஆங்கிலேய அதிகாரி தொடங்கியது. 250 வயதைத் தாண்டிய ஆலமரம் அங்கே நிற்கிறது. இப்போது அந்தப் பூங்காவுக்கு விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் அவர்களின் பெயர். பயன் தரும் செடிகளைப் பல நாடுகளிலிருந்து கொண்டுவந்து வளர்த்த இடம் அது. அதனால் நாட்டுக்கு நன்மை உண்டாயிற்று.

ஆனால் அழகுக்காக அங்கே வந்த ஒரு செடி உன்னிச்செடி. 1800களின் தொடக்கத்தில் வந்தது. வண்ண வண்ணமாகப் பூக்கும். வேலிக்கு நல்லது என்று நட்டார்கள். இன்று அது தமிழ்நாட்டுக் காடுகளிலும் அடர்ந்து கிடக்கிறது. மாடு தின்னாது. மற்ற செடியை வளரவிடாது. ஆகாயத்தாமரையும் அப்படித்தான். ஊதாப் பூவின் அழகைப் பார்த்து 1890களில் வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது ஆற்றையும் வாய்க்காலையும் அடைத்தது. படகு போக முடியவில்லை. அதை ஒழிக்க 1936ஆம் ஆண்டு வங்காளத்தில் தனிச் சட்டமே போட்டார்கள். இன்றும் அது ஒழியவில்லை.

பூச்சியானாலும் களையானாலும் பாடம் ஒன்றுதான். வாசலில் தடுப்பது எளிது. வீட்டுக்குள் புகுந்த பிறகு விரட்டுவது பெரும்பாடு.

நாற்பது நாள் காவல்

2020ஆம் ஆண்டு கொரோனா வந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் 14 நாள் தனியாக இருக்க வேண்டும் என்றார்கள். அதற்குக் 'குவாரண்டைன்' என்று பெயர். அந்தச் சொல் அப்போது ஊரெல்லாம் பரவியது.

சொல் பழையது. இத்தாலி நாட்டில் வெனிஸ் என்ற துறைமுகம் இருக்கிறது. பல நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே பிளேக் நோய் ஆட்களைக் கொன்றது. வெளியூர்க் கப்பல் வந்தால், 40 நாள் தள்ளி நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அவர்கள் மொழியில் 'குவாரன்டா' என்றால் நாற்பது. அதிலிருந்து குவாரண்டைன் வந்தது. தமிழில் தடைக்காப்பு என்று சொல்லலாம்.

மனிதருக்கு இருக்கும் தடைக்காப்பு செடிக்கும் உண்டு. நம் நாட்டில் இது நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. அமெரிக்கக் கண்டத்தில் பருத்திக்காயைத் துளைக்கும் ஒரு வண்டு இருந்தது. அது இங்கே வந்துவிடக் கூடாது என்று, 1906ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பருத்திப் பொதிகளை மும்பைத் துறைமுகத்தில் வாயு மூட்டம் போட்டே இறக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. 1914ஆம் ஆண்டு நாசம் செய்யும் பூச்சிகள் பற்றி ஒரு சட்டம் வந்தது. இப்போது 2003ஆம் ஆண்டின் தாவரத் தடைக்காப்பு ஆணை நடப்பில் இருக்கிறது.

இதைக் கவனிக்க நடுவண் அரசில் ஒரு துறை உண்டு. தலைமை அலுவலகம் ஹரியானா மாநிலத்தில் ஃபரீதாபாத்தில் இருக்கிறது. கொல்கத்தா, சென்னை, மும்பை போன்ற நகரங்களில் தடைக்காப்பு நிலையங்கள் இருக்கின்றன. துறைமுகம், விமான நிலையம், நாட்டின் எல்லை ஆகியவை வாசல்கள். அந்த வாசல்களில் இவர்கள் காவல் இருக்கிறார்கள்.

கிழங்குப் பெட்டி வரும் வழி

ஒரு வியாபாரி வெளிநாட்டிலிருந்து பூக்கிழங்கு வாங்க நினைக்கிறார். அவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில், கிழங்கு கப்பலில் ஏறும் முன்பே நம் அரசிடம் இறக்குமதி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். எந்தக் கிழங்கு, எந்த நாடு, எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும்.

அடுத்து, அனுப்பும் நாட்டு அரசு அதிகாரி கிழங்கைச் சோதிப்பார். பூச்சி இல்லை என்று செடி நலச் சான்று எழுதித் தருவார். சிகிச்சை செய்திருந்தால் அதையும் சான்றில் எழுதுவார். எந்த மருந்து, எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம் என்று எல்லாம் அதில் இருக்கும்.

பெட்டி நம் நாட்டுக்கு வருகிறது. அரசு குறித்த வாசல் வழியாகத்தான் வர வேண்டும். தடைக்காப்பு அதிகாரி சான்றைப் பார்ப்பார். சான்று சரியாக இருந்தாலும் பெட்டியைத் திறந்து பார்ப்பார். கிழங்கில் மண் ஒட்டியிருக்கிறதா? மண் கூடாது. மண்ணுக்குள் எது இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பிறகு சில கிழங்குகளைப் பொறுக்கி எடுப்பார். அழுத்திப் பார்ப்பார். தோலை உரித்துப் பார்ப்பார். வெள்ளைத் தாளில் தட்டி, விழுவதை உருப்பெருக்கியில் பார்ப்பார். சிலவற்றைக் கத்தியால் வெட்டிப் பார்ப்பார்.

முடிவு நான்கில் ஒன்றாக இருக்கும்.

1. பூச்சி இல்லை. கிழங்கை எடுத்துப் போகலாம்.
2. பூச்சி இருக்கிறது. சிகிச்சை செய்தால் சாகும். சிகிச்சைக்குப் பிறகு எடுத்துப் போகலாம்.
3. கிழங்கை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.
4. கிழங்கை அழிக்க வேண்டும்.

சில வகைச் செடிகளுக்கு இன்னொரு கட்டமும் உண்டு. தனி இடத்தில் நட்டு வளர்க்கச் சொல்வார்கள். அதிகாரிகள் வந்து வந்து பார்ப்பார்கள். நோய் இல்லை என்று தெரிந்த பிறகே மற்ற இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

சிகிச்சை எப்படி?

கிழங்குக்குள் இருக்கும் பூச்சி சாக வேண்டும். கிழங்கு சாகக்கூடாது. இதுதான் சிக்கல். இதற்குச் சில வழிகள் உண்டு.

வெந்நீர்: நர்கிஸ் கிழங்குக்கு இது பழைய வழி. 1917ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் ராம்ஸ்பாட்டம் என்ற இளம் ஆராய்ச்சியாளர் இதைக் கண்டறிந்தார். அப்போது நூற்புழுவால் அங்கே நர்கிஸ் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. கிழங்கை 43 முதல் 44 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 3 முதல் 4 மணி நேரம் வைப்பார்கள். கொதிக்கும் நீர் 100 டிகிரி. நம் உடம்பு 37 டிகிரி. ஆகவே 44 டிகிரி என்பது குளிக்க விளாவிய வெந்நீர் போன்ற சூடு. இந்தச் சூட்டில் நூற்புழு சாகும். ஈயின் புழுவும் சாகும். தூங்கும் கிழங்கு தாங்கிக்கொள்ளும்.

ஆனால் இடைவெளி மிகக் குறுகியது. சூடு கொஞ்சம் குறைந்தால் புழு பிழைக்கும். கொஞ்சம் கூடினால் கிழங்கு வெந்துவிடும். காலமும் பார்க்க வேண்டும். உள்ளே பூமொட்டு உருவாகும் நேரத்தில் சூடு பட்டால், அடுத்த பூ கெட்டுப்போகும். அதனால் இந்தச் சிகிச்சையைக் கிழங்கு விளைந்த நாட்டிலேயே உரிய நேரத்தில் செய்வது நல்லது.

வாயு மூட்டம்: காற்றுப் புகாத அறையிலோ தார்ப்பாய்க்குள்ளோ கிழங்குப் பெட்டிகளை வைப்பார்கள். மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவை உள்ளே விடுவார்கள். வாயு மடலுக்கு மடல் நுழைந்து பூச்சியைக் கொல்லும். எத்தனை கிராம், எத்தனை மணி நேரம் என்பதை அறையின் அளவும் வெப்பமும் பார்த்துக் கணக்கிடுவார்கள். நேரம் முடிந்ததும் காற்றோட்டம் கொடுத்து வாயுவை வெளியேற்றுவார்கள்.

இந்த வாயு மனிதரையும் கொல்லும். இதற்கு நிறமில்லை. கண்ணில் படாது. மணமும் தெரியாது. அதனால் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே, அரசு வல்லுநர் மேற்பார்வையில் செய்யலாம். அங்கே மூட்டை தூக்கும் தொழிலாளியும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 'வாயு மூட்டம் – ஆபத்து' என்ற பலகை தொங்கும் இடத்தில், 'போகலாம்' என்று பொறுப்பாளர் சொல்லும்வரை நுழையக்கூடாது. படிக்கத் தெரிந்தவருக்கு அந்தப் பலகை உயிர் காக்கும்.

மெத்தில் புரோமைடு வானத்தின் ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. ஓசோன் படலம் சூரியனின் கெட்ட கதிரைத் தடுக்கும் குடை. 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் நகரில் ஏற்பட்ட உலக உடன்பாடு பிறகு இந்த வாயுவையும் தன் பட்டியலில் சேர்த்தது. நம்மைப் போன்ற நாடுகளில் 2015ஆம் ஆண்டோடு மற்ற பயன்கள் நிறுத்தப்பட்டன. தடைக்காப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. வேறு நல்ல வழி தேடும் ஆராய்ச்சியும் நடக்கிறது.

குளிர்: சில பூச்சிகள் குளிரில் சாகும். கிளாடியோலஸ் கிழங்கைப் பல வாரங்கள் நல்ல குளிரில் வைத்தால் பேன் அழியும். நஞ்சு இல்லை. ஆனால் நாள் ஆகும். மின்சாரச் செலவும் உண்டு.

ஒருவர் நட்டமா, ஊர் நட்டமா?

தடைக்காப்பு எல்லோருக்கும் இனிப்பாக இருக்காது. ஒருவர் கடன் வாங்கிக் கிழங்கு வரவழைக்கிறார். பெட்டி வாசலில் நிற்கிறது. சோதனைக்கு நாள் ஆகிறது. கட்டணம் ஆகிறது. நடவுக் காலம் தப்புகிறது. கிழங்கை அழிக்கச் சொன்னால் போட்ட பணம் எல்லாம் போயிற்று. அவருடைய வருத்தம் நியாயமானது. சோதனை விரைவாகவும் நேர்மையாகவும் நடக்க வேண்டும் என்று அவர் கேட்பதும் நியாயமானது.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். அந்தப் பெட்டியில் இருந்த பூச்சி வெளியே வந்தால், நட்டம் அவரோடு நிற்காது. கிழங்கே வாங்காத விவசாயியின் வயலுக்கும் போகும். பூப்பறிக்கும் பெண்ணின் கூலியில் கை வைக்கும். பாலத்தின் மேல் கூடை சுமப்பவரின் கூடையில் பாரம் குறையும். அவர்கள் யாரும் அந்தப் பெட்டியைப் பார்த்ததுகூட இல்லை. அவர்களுக்காகவும்தான் வாசலில் அந்தக் காவல்.

நம்மால் ஆவது என்ன?

துறைமுகத்துக் காவல் பெட்டிகளைப் பார்க்கும். பையில் மறைத்துக் கொண்டுவருவதை எப்படிப் பார்க்கும்? நம் ஊர்களிலிருந்து பலர் வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர் போய் வருகிறார்கள். "அழகான பூவாயிற்றே, ஒரு கிழங்கு எடுத்துப் போவோம்" என்று தோன்றும். கூடாது. அனுமதி இல்லாமல் செடி, கிழங்கு, விதை, மண் கொண்டுவருவது சட்டப்படி தவறு. தெரியாமல் எடுத்து வந்துவிட்டால், விமான நிலையத்திலேயே அதிகாரியிடம் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

வயலிலும் ஒரு சின்னத் தடைக்காப்பு உண்டு. சம்பங்கிக்கிழங்கு வாங்கும்போது, அது எந்த வயலில் விளைந்தது என்று கேளுங்கள். பூ நன்றாக இருந்த வயலா, நோய் கண்ட வயலா என்று பாருங்கள். கிழங்கை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால், துளை இருந்தால், பிசுபிசுப்பு இருந்தால் தனியே ஒதுக்குங்கள். ஒதுக்கியதை வாய்க்காலில் எறியாதீர்கள். குப்பைக்குழியிலும் போடாதீர்கள். எரித்துவிடுங்கள். முடியாவிட்டால் ஆழமாகப் புதையுங்கள். நோய் கண்ட வயலில் பயன்படுத்திய மண்வெட்டியைக் கழுவிய பிறகு அடுத்த வயலுக்கு எடுத்துப் போங்கள். வெந்நீர்ச் சிகிச்சையை அடுப்பு வைத்து நீங்களே செய்து பார்க்க வேண்டாம். அளவு தவறினால் கிழங்கு முழுதும் போய்விடும். வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

இதுவரை பார்க்காத பூச்சி ஒன்று வயலில் தெரிந்தால் சும்மா இருக்க வேண்டாம். தோட்டக்கலை அலுவலரிடம் சொல்லுங்கள். உழவர் அழைப்பு மையத்தின் இலவச எண் 1800-180-1551. அதில் தமிழிலேயே பேசலாம். முதலில் பார்ப்பவர் சொன்னால், ஒரு வயலோடு அதை நிறுத்த முடியும். நான்கு மாதம் கழித்துச் சொன்னால்? மேலே எழுதிய கணக்கை இன்னொரு முறை பாருங்கள்.

பாடத்தில் வந்த சொற்கள்

தடைக்காப்பு – நோயோ பூச்சியோ பரவாமல் தடுத்து நிறுத்திச் சோதிப்பது
இறக்குமதி – வெளிநாட்டிலிருந்து பொருளை வரவழைப்பது
செடி நலச் சான்று – செடியில் பூச்சி, நோய் இல்லை என்று அரசு தரும் தாள்
வாயு மூட்டம் – மூடிய இடத்தில் நச்சு வாயு விட்டுப் பூச்சியைக் கொல்வது

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டிலோ ஊரிலோ வளரும் செடிகளில் வெளிநாட்டிலிருந்து வந்தவை எவை? பட்டியல் எழுதுங்கள்.
2. சான்று சரியாக இருந்தும் அதிகாரி ஏன் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்?
3. ஒரு பெண் பூச்சியிலிருந்து மாதந்தோறும் 10 பெண் பூச்சிகள் வந்தால், 3 மாதம் கழித்து எத்தனை இருக்கும்?
4. உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து பூக்கிழங்கு கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார். அவருக்கு ஐந்து வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள்.